ஆஃபா டைக்: பள்ளம் ஏன் ஒரு பக்கம் மட்டும்?

நடைவாசி:
இங்கிலாந்து–வேல்ஸ் எல்லையில், நைட்டன் ஊருக்குத் தெற்கே, ஆஃபா டைக் என்ற பழங்கால மண்கரையை ஒட்டிய பாதையில் நடந்தேன். ஆடு மேயும் வயல்களுக்கு நடுவே ஆளுயர மண்கரை, அதன் மேற்கே மட்டும் பள்ளம். இது எல்லையா, அரணா? அரண் என்றால் கோட்டை ஒன்றையும் காணோமே! சாதாரண வரப்பிலிருந்து இதை எப்படிப் பிரித்தறிவது?

மண்கரையான்:
மேற்கே தோண்டிய மண்ணைக் கிழக்கே குவித்திருக்கிறார்கள். வேல்ஸிலிருந்து வருகிறவன் பள்ளத்தில் இறங்கிக் கரை ஏற வேண்டும். கிழக்கே இருந்த ஆங்கிலோ-சாக்சன் அரசான மெர்சியாவின் ஆள் மேலே நின்று பார்த்துக்கொண்டிருப்பான். மலைச்சரிவுகளில் கவனியுங்கள், மேற்கே பார்வை விரியும் இடமாகத் தேடித்தான் கரை ஓடுகிறது. சும்மா நிலம் பிரிக்க யாரும் இவ்வளவு மெனக்கெட மாட்டார்கள். அதற்காகப் படை நிறுத்திக் காத்த மதில் என்றும் நான் நம்பவில்லை. ஓட்டிப்போகும் மாட்டை இந்தப் பள்ளத்தைத் தாண்ட வைத்துப் பாருங்கள், தெரியும்! கொள்ளையைத் தாமதப்படுத்துவது, கூடவே 'இது என் நிலம்' என்று காட்டுவது, இரண்டும்தான் நோக்கம் என்பது என் கணிப்பு.

பிரித்தறிய: பழைய வண்டிப்பாதை என்றால் நடுவே தேய்ந்து தாழ்ந்து, இருபுறமும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். வரப்பு வயலோடு திரும்பும். இது வயலைச் சட்டை செய்யாமல் மேடுபள்ளம் தாண்டிப் போகும்.

பழங்காலன்:
மெர்சிய மன்னர் ஆஃபா ஆண்டது கி.பி. 757 முதல் 796 வரை. 'கடல் முதல் கடல் வரை' அவர் கட்டினார் என்று எழுதிய வேல்ஸ் துறவி ஆஸர் ஒரு நூற்றாண்டு பிந்தியவர். சர்க் என்ற ஊர் அருகே கரைக்குள் இருந்த புல்மண்ணின் வயதைக் கார்பன் முறையில் சோதித்தபோது கி.பி. 430–652 என்று வந்தது. ஆக, ஆஃபாவுக்கு முன்பே தொடங்கியதோ?

மண்கரையான்:
அவசரப்படாதீர்கள். கரையில் போட்ட புல்மண் அதற்கு முன்பே பழையதாக இருந்திருக்கலாம். ஓரிடத்துத் தேதியை வைத்து முழு நீளத்துக்கும் தீர்ப்புச் சொல்ல முடியாது.

நடைவாசி:
நன்றி. அடுத்த முறை மெட்டல் டிடெக்டர் கொண்டுபோகலாமா?

மண்கரையான்:
வேண்டவே வேண்டாம். கரையின் பெரும்பகுதி பாதுகாக்கப்பட்ட சின்னம். அனுமதியில்லாமல் அங்கே டிடெக்டர் ஓட்டுவது குற்றம். அதற்குப் பதில் வானிலிருந்து லேசரால் நிலத்தின் மேடுபள்ளத்தை அளந்து எடுக்கும் லைடார் படங்களைப் பாருங்கள், உழுது தேய்ந்த இடம்கூட லேசாகத் தெரியும். ஆஸ்வெஸ்ட்ரி ஊர்ப் பக்கம் போனால் இதைப் போன்ற இன்னொரு மண்கரையான வாட்ஸ் டைக்கையும் எட்டிப் பாருங்கள். பழைய மலைக்கோட்டையை ஒட்டியே போகிறது. பள்ளம் அங்கேயும் மேற்கேதான்.