பழைய மேசைக் கணினிகள் ஒன்பது: எதை ஓடவைப்பது, எதைக் கழற்றி எடுப்பது?

கேட்டவர்: படிப்பகப் பொறுப்பாளர், மதுரை மாவட்டம்

அனைவருக்கும் வணக்கம். எங்கள் ஊர்ப் படிப்பகத்துக்கு அலுவலகம் ஒன்று தன் பழைய மேசைக் கணினிகள் ஒன்பதை நன்கொடையாகக் கொடுத்திருக்கிறது. டிஎன்பிஎஸ்சி தேர்வுக்குப் படிக்கும் மாணவர்கள் பழைய வினாத்தாள்களைத் திறந்து பார்க்கவும், விண்ணப்பங்களை நிரப்பவும், தமிழ்த் தட்டச்சு பழகவும் மூன்று கணினிகளாவது நம்பகமாக ஓடினால் போதும். ஆனால் இவை ஒரே காலத்தவை அல்ல. சில பெட்டிகளுக்குள் அகலமான சாம்பல் நிற ரிப்பன் கேபிள் செல்கிறது. சிலவற்றில் மெல்லிய சிவப்புக் கேபிள் இருக்கிறது. இரண்டில் ரேம் இல்லை, ஒன்றில் ஹார்ட் டிஸ்க் இல்லை, இரண்டு சுவிட்சைப் போட்டாலும் அசைவதே இல்லை. எடைக்குப் போட்டுவிடலாம் என்று சிலர் சொல்கிறார்கள். எனக்கு மனம் வரவில்லை. எந்தப் பாகம் எதனுடன் சேரும் என்பதைக் கண்டறிவது எப்படி, எங்கிருந்து தொடங்குவது என்று அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன். என்னிடம் ஸ்க்ரூடிரைவரும் சாதாரண மல்டிமீட்டரும் உள்ளன.

பதில்: வன்பொருள் பயிற்றுநர்

வணக்கம் ஐயா. எடைக்குப் போடாமல் நிறுத்தி வைத்தது நல்ல முடிவு. ஒன்பது கணினிகளில் மூன்று ஓடவைப்பது பெரும்பாலும் கைகூடும் காரியம்தான். ஆனால் எதையும் கழற்றுவதற்கு முன் ஒன்பதையும் குடும்பம் குடும்பமாகப் பிரிக்க வேண்டும். பெட்டியின் தோற்றமும் அதன்மேல் ஒட்டியிருக்கும் பெயரும் இதற்கு உதவா. ப்ராசஸர் உட்காரும் சாக்கெட், ரேமின் வகை ஆகிய இரண்டும் தெரிந்தால், எது எதனுடன் சேரும் என்பதில் முக்கால்வாசி தெளிந்துவிடும்.

ரேமிலிருந்து தொடங்குங்கள். ஸ்டிக்கரில் பிசி2 என்று தொடங்கினால் அது டிடிஆர்2. பிசி3 என்றால் டிடிஆர்3. பிசி-க்குப் பின் இப்படித் தனி எண் எதுவும் இல்லாமல், பிசி3200, பிசி2700 என்பதுபோல நான்கு இலக்க எண் மட்டும் இருந்தால் முதல் தலைமுறை டிடிஆர். ஸ்டிக்கர் உரிந்துபோயிருந்தால் சிப்புகளைக் கூர்ந்து பாருங்கள். முதல் தலைமுறையில் ஒவ்வொரு கறுப்புச் சிப்பின் ஓரத்திலும் சின்னஞ்சிறு உலோகக் கால்கள் வரிசையாக வெளியே நீட்டிக்கொண்டிருப்பது வழக்கம். டிடிஆர்2 முதல் கால்கள் கண்ணுக்குத் தெரியாமல் சிப்பின் அடியில் போய்விட்டன. டிடிஆர்2, டிடிஆர்3 இரண்டுக்கும் 240 பின்கள்தான் என்பதால் அவற்றை எண்ணிப் பயனில்லை. கீழ் விளிம்பில் உள்ள வெட்டைப் பாருங்கள்: டிடிஆர்2-இல் அது நடுவுக்கு அருகில் இருக்கும், டிடிஆர்3-இல் ஒரு பக்கமாக நன்றாகத் தள்ளியிருக்கும். முன்னது 1.8 வோல்ட்டிலும் பின்னது 1.5 வோல்ட்டிலும் இயங்குபவை. மாற்றிப் பொருத்திவிடக் கூடாது என்பதற்காகவே வெட்டின் இடத்தை மாற்றினார்கள். ஆகவே ஸ்லாட்டில் இறங்க மறுக்கும் ரேமை ஒருபோதும் அழுத்தாதீர்கள்.

அகலமான ரிப்பன் கேபிள் ஐடிஇ வகை, மெல்லியது சாட்டா. ஹார்ட் டிஸ்க்குக்கே ரிப்பன் கேபிள் போகும் பெட்டியில் பெரும்பாலும் பென்டியம் 4 காலத்து மதர்போர்டும் முதல் தலைமுறை ரேமும் இருக்கும். (டிவிடி டிரைவுக்கு மட்டும் ரிப்பன் போகிறது என்றால் அது அதற்கு அடுத்த காலத்தது, இதில் பலர் குழம்புவதுண்டு.) இந்தப் பென்டியம் 4 பெட்டிகளை மாணவர்களுக்காக மீட்க முயல வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. இன்றைய பிரவுசர்களை அவற்றில் ஓட்டினால் மாணவருக்குப் பொறுமைதான் போகும். அவற்றிலிருந்து கேபினட், ஃபேன், பவர் கார்டு, ஸ்க்ரூ, போர்டில் செருகும் சிறு ஸ்பீக்கர் ஆகியவற்றை எடுத்துக்கொள்ளுங்கள். பேரலல் போர்ட் (பழைய பிரிண்டர் செருகும் அகலமான இணைப்பு) உள்ள போர்டு ஓடும் நிலையில் இருந்தால் அதைத் தனியாக வையுங்கள். கணினிக் கட்டுப்பாட்டில் வெட்டும் பழைய சிஎன்சி இயந்திரங்களை அந்த போர்ட் வழியாக இயக்கும் பட்டறைகளுக்கு அது இன்னமும் தேவைப்படுகிறது.

நீங்கள் தேட வேண்டியவை இரண்டு குடும்பங்கள். முதலாவது, 2004-இல் வந்த எல்ஜிஏ 775 சாக்கெட். இதில் பின்கள் ப்ராசஸரில் இல்லாமல் சாக்கெட்டில் இருக்கும். கோர் 2 டூயோ இதில்தான் உட்காரும். இரண்டாவது, 2011-இல் வந்த எல்ஜிஏ 1155. இரண்டாம், மூன்றாம் தலைமுறை ஐ3, ஐ5 ப்ராசஸர்களும் டிடிஆர்3 ரேமும் இதற்குரியவை. உங்களிடம் இந்த இரண்டாம் குடும்பத்தில் ஒன்றாவது இருந்தால் அதையே முதலில் முழுமையாக்குங்கள். போர்டின் மாடல் எண் பெரும்பாலும் ரேம் ஸ்லாட்டுக்கும் பிசிஐ ஸ்லாட்டுகளுக்கும் இடையே வெள்ளை எழுத்தில் அச்சிடப்பட்டிருக்கும். ப்ராசஸரின் உலோக மூடியில் எஸ்எல் அல்லது எஸ்ஆர் என்று தொடங்கும் ஐந்தெழுத்துக் குறியீடு உண்டு; அதை இணையத்தில் தேடினால் துல்லியமான மாடல் கிடைத்துவிடும்.

கூலரைக் கழற்றும்போது கவனம் தேவை. 775, 1155 இரண்டிலும் கூலரின் நான்கு மூலைகளிலும் பிளாஸ்டிக் பின்கள் இருக்கும். அவற்றின் தலையை அம்புக்குறி காட்டும் திசையில் கால் வட்டம் திருப்பி, பிறகு மேலே இழுக்க வேண்டும். பழைய பென்டியம் 4-இல் காய்ந்துபோன பேஸ்ட், ப்ராசஸரைக் கூலரோடு ஒட்டிப் பிடித்திருக்கும். நேராக இழுத்தால் சாக்கெட் பூட்டியிருக்கும்போதே ப்ராசஸர் பிய்த்துக்கொண்டு வந்து பின்கள் வளைந்துவிடும். ஓடும் நிலையில் உள்ள கணினியானால் சற்று நேரம் ஓடவிட்டுச் சூடேற்றி, பவர் கார்டைப் பிடுங்கிய பின், கூலரை இடமும் வலமுமாக மெல்ல அசைத்துத் தளர்த்தி எடுங்கள்.

சோதிக்கும்போது எல்லாவற்றையும் பெட்டிக்குள் வைத்துச் சோதிக்க வேண்டாம். மரமேசையில் அட்டை ஒன்றை விரித்து, அதன்மேல் போர்டு, ப்ராசஸர், கூலர், ஒரே ஒரு ரேம், எஸ்எம்பிஎஸ் (மின்சாரம் தரும் பெட்டி), மானிட்டர் ஆகியவை மட்டும் இணைத்து, போர்டில் பவர் ஸ்விட்ச் வயர் செருகும் பின்கள் இரண்டையும் ஸ்க்ரூடிரைவர் முனையால் ஒரு கணம் தொட்டு ஓடவிடுங்கள். ப்ராசஸருக்கு அருகில் உள்ள நான்கு பின் 12 வோல்ட் கனெக்டரைச் செருகாவிட்டால் ஃபேன் சுற்றும், திரையில் ஒன்றும் வராது. நல்ல போர்டுகள் பல இந்த ஒரு காரணத்தால் குப்பைக்குப் போகின்றன. தொடர்ந்து பீப் ஒலி வந்தால் ரேமின் பொன்னிற விளிம்பைப் பென்சில் அழிக்கும் ரப்பரால் தேய்த்து, துகள்களைத் துடைத்து மீண்டும் செருகிப் பாருங்கள். படம் வந்த ரேம் ஒவ்வொன்றையும் மெம்டெஸ்ட்86+ என்ற ரேம் சோதனை நிரல் மூலம் ஒரு முழுச் சுற்றாவது சோதித்த பிறகே நல்லது என்று எழுதி வையுங்கள்.

பதில்: எஸ்எம்பிஎஸ் பழுதுபார்ப்பவர்

பயிற்றுநர் ஐயா சொன்னவற்றோடு மின்சாரப் பக்கத்தைச் சேர்க்க விரும்புகிறேன். அசையாமல் கிடக்கும் இரண்டு பெட்டிகளில் முதலில் சந்தேகிக்க வேண்டியது எஸ்எம்பிஎஸ்தான். அதை போர்டிலிருந்து பிரித்து, மின்சாரத்தில் இணைத்து, ஊதா வயருக்கும் கறுப்பு வயருக்கும் இடையே அளந்து பாருங்கள். அங்கே 5 வோல்ட் இல்லை என்றால் அந்த எஸ்எம்பிஎஸ் வேலை செய்யவில்லை. இருந்தால், பெரிய கனெக்டரில் பச்சை வயரையும் ஏதேனும் ஒரு கறுப்பு வயரையும் சிறு கம்பியால் இணையுங்கள். உள்ளே உள்ள ஃபேன் சுற்ற வேண்டும். பழைய டிவிடி டிரைவ் ஒன்றைச் சுமையாக இணைத்துக்கொண்டு அளவெடுங்கள். மஞ்சள் வயரில் 11.4 முதல் 12.6 வோல்ட் வரையும், சிவப்பில் 4.75 முதல் 5.25 வரையும் இருக்கலாம். அந்த எல்லையைத் தாண்டியதை, ஃபேன் நன்றாகச் சுற்றினாலும், மீட்ட போர்டுடன் இணைக்காதீர்கள். கெட்ட எஸ்எம்பிஎஸ் ஒன்று நல்ல போர்டையும் ஹார்ட் டிஸ்க்கையும் சேர்த்து அழித்துவிடும்.

எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் திறக்க வேண்டாம். 230 வோல்ட் மின்சாரம் உள்ளே நேர்மின்னாக மாறும்போது ஏறத்தாழ 325 வோல்ட்டாகப் பெரிய கெபாசிட்டர்களில் தேங்குகிறது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது அங்கேயே இருக்கக்கூடும். பழைய குழாய் மானிட்டர் வந்திருந்தால் அதற்கும் இதே எச்சரிக்கை இன்னும் கடுமையாகப் பொருந்தும்.

போர்டில் ப்ராசஸரைச் சுற்றி நிற்கும் சிறு உருளை வடிவக் கெபாசிட்டர்களின் தலையைச் சாய்வான வெளிச்சத்தில் பாருங்கள். தலை தட்டையாக இருக்க வேண்டும். அதில் உள்ள வெட்டுக்கோடு உப்பியிருந்தாலோ, பழுப்பு நிறத்தில் எதுவும் கசிந்து காய்ந்திருந்தாலோ அது செத்துவிட்டது. 2000-களின் முற்பகுதியில் தரமற்ற மின்பகு திரவம் நிரப்பிய கெபாசிட்டர்கள் உலகமெங்கும் போர்டுகளைக் கெடுத்தன. அந்தக் காலத்து போர்டுகளில் இதை நிறையக் காணலாம். சாலிடரிங் தெரிந்தவர் மாற்றிக் கொடுக்கலாம். மைக்ரோஃபாரட் அதே அளவாகவும், வோல்ட் அதே அளவாகவோ கூடுதலாகவோ, குறைந்த ஈஎஸ்ஆர் (உள்மின்தடை) வகையாகவும் இருக்க வேண்டும். போர்டில் வெள்ளை அடித்த பக்கம் நெகட்டிவ் என்பது எல்லா நிறுவனத்துக்கும் பொதுவான வழக்கமன்று. பழையதைக் கழற்றும் முன் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

கேட்டவர்: படிப்பகப் பொறுப்பாளர்

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. நீங்கள் சொன்னபடி பிரித்துப் பார்த்தேன். நான்கு பென்டியம் 4, மூன்று எல்ஜிஏ 775, இரண்டு எல்ஜிஏ 1155 என்று தெரிந்தது. 1155 இரண்டும் எச்61 போர்டு, ஐ3-2100 ப்ராசஸர், இரண்டும் ஓடுகின்றன. 775-இல் ஒன்று ஜி41 போர்டு, டிடிஆர்3 ஸ்லாட்டுகளுடன் உள்ளது. எச்61-இல் நன்றாக வேலை செய்து, மெம்டெஸ்ட்டிலும் தேறிய 4 ஜிபி ரேமை இதில் போட்டால் பீப் ஒலி மட்டுமே வருகிறது. அதிலிருந்த 1 ஜிபி ரேமைப் போட்டால் ஓடுகிறது. போர்டு பழுதா? மேலும், பென்டியம் 4 போர்டுகளில் தங்கம் இருப்பதாகவும், அமிலத்தில் போட்டு நாமே பிரித்தெடுக்கலாம் என்றும் இளைஞர் ஒருவர் காணொளி காட்டுகிறார். ஹார்ட் டிஸ்க்குகளையும் என்ன செய்வது என்று சொல்லுங்கள்.

பதில்: வன்பொருள் பயிற்றுநர்

போர்டு பழுதன்று ஐயா. அந்த 4 ஜிபி ரேமில் எத்தனை சிப்புகள் என்று எண்ணிப் பாருங்கள். ஒரு பக்கத்தில் மட்டும் எட்டுச் சிப்புகள் இருந்தால், ஒவ்வொன்றும் 512 எம்பி கொள்ளளவு கொண்டது. அவ்வளவு அடர்த்தியான சிப்பை ஜி41 அறியாது. அதற்கு இரு பக்கமும் எட்டெட்டாகப் பதினாறு சிப்புகள் கொண்ட 4 ஜிபி ரேம் வேண்டும். ஸ்டிக்கரில் 2ஆர்x8 என்று அச்சிட்டிருக்கும். கடையில் கேட்கும்போது போர்டின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். சென்னை செல்பவர் எவரேனும் இருந்தால் ரிச்சி தெருவின் பழைய பொருள் கடைகளில் தேடச் சொல்லலாம். மற்ற இரண்டு 775 போர்டுகளும் ஜி31 ஆக இருந்தால் அவற்றின் உச்ச வரம்பு டிடிஆர்2-இல் 4 ஜிபி. அவற்றை மாற்றுப் பாகமாக வைத்துக்கொண்டு, எச்61 இரண்டையும் ஜி41 ஒன்றையும் முழுமையாக்குங்கள்.

பணம் செலவழிக்க முடிந்தால் மூன்றுக்கும் சிறிய எஸ்எஸ்டி (ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலான வேகமான சேமிப்பகம்) வாங்குவதற்கே செலவழியுங்கள். வேறு எந்தப் பாகத்தை மாற்றினாலும் மாணவருக்கு இவ்வளவு வேறுபாடு தெரியாது. விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரியிலும், விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபரிலும் வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டதால், இலவச இயங்குதளங்களான லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பையோ லுபுண்டுவையோ நிறுவுங்கள். தமிழ் விசைப்பலகையை இரண்டிலும் அமைத்துக்கொள்ளலாம். தேதி ஒவ்வொரு முறையும் பின்னோக்கிப் போனால் போர்டில் உள்ள சிஆர்2032 பட்டன் பேட்டரியை மாற்றுங்கள். தேதி தவறாக இருந்தால் பாதுகாப்பான இணையதளங்கள் திறக்க மறுக்கும்.

பதில்: மின்கழிவுப் பணியாளர்

தங்கத்தைப் பற்றிய கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன், ஏனென்றால் இதைச் செய்து மூச்சுக்குழல் புண்ணானவர்களைப் பார்த்திருக்கிறேன். போர்டில் தங்கம் இருப்பது உண்மை. ஆனால் அது கனெக்டர்களிலும் பின்களிலும் மிக மெல்லிய பூச்சாக மட்டுமே இருக்கிறது. அதைப் பிரிக்க நைட்ரிக் அமிலமும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் பயன்படுத்துகிறார்கள். அப்போது எழும் பழுப்பு நிறப் புகை நுரையீரலைத் தாக்கும். உடனே தெரியாமல் பல மணி நேரம் கழித்துக்கூட மூச்சுத் திணறல் வரலாம். போர்டைச் சூடாக்கிச் சிப்புகளை உதிர்த்தால் சாலிடரில் உள்ள ஈயம் அந்த இடமெங்கும் படிகிறது. உத்தரப் பிரதேசத்தின் மொராதாபாத்தில் போர்டுகளை எரித்துப் பிரித்தவர்களின் சாம்பல் ராம்கங்கை ஆற்றங்கரை வரை குவிந்து கிடந்தது. நான்கு போர்டுகளிலிருந்து கிடைக்கும் துளித் தங்கத்துக்காக, மாணவர்கள் உட்காரும் படிப்பகத்தின் முற்றத்தில் இதைச் செய்ய விடாதீர்கள். அந்த இளைஞருக்கு ஆர்வம் இருக்கிறது. அவரையே மேலே சொன்ன எஸ்எம்பிஎஸ் அளவீடுகளை எடுக்கச் சொல்லுங்கள்.

மீட்க முடியாத போர்டுகளை உடைக்காமல் முழுதாகவே வைத்திருங்கள். 2022-ஆம் ஆண்டின் மின்கழிவு மேலாண்மை விதிகள் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளன. அவற்றின்படி பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம்தான் இவை போய்ச்சேர வேண்டும். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் தளத்தில் பதிவு பெற்றவர்களின் விவரத்தைப் பார்க்கலாம். ஓரிரு போர்டுகளுக்காக அவர்கள் வண்டி அனுப்புவது அரிது என்பதால், அருகிலுள்ள பள்ளிகளிலும் அலுவலகங்களிலும் கிடக்கும் கழிவையும் சேர்த்து ஒரே முறையாக அனுப்பப் பாருங்கள்.

ஹார்ட் டிஸ்க்குகளை மாணவர் கைக்குக் கொடுக்கும் முன் இரண்டு வேலைகள் உண்டு. அவை அலுவலகத்தின் கோப்புகளைச் சுமந்து வந்தவை. ஃபார்மேட் செய்தால் அவை அழிந்துவிடுவதில்லை. என்வைப் என்ற இலவச நிரலால் முழு டிஸ்க்கையும் ஒருமுறை பூஜ்ஜியங்களால் நிரப்புங்கள். பின்னர், டிஸ்க் தன் நிலையைத் தானே குறித்து வைக்கும் ஸ்மார்ட் விவரங்களில், கெட்டுப்போன பகுதிகளைக் காட்டும் 5, சந்தேகத்துக்குரிய பகுதிகளைக் காட்டும் 197 என்ற இரண்டு வரிகளின் கச்சா மதிப்பைப் பாருங்கள். இரண்டும் பூஜ்ஜியமாக இருப்பதை மட்டும் கோப்புச் சேமிப்புக்கு வைத்துக்கொள்ளுங்கள். எண் ஏறிக்கொண்டே போகும் டிஸ்க்கை, அழித்து முடித்த பிறகு, போர்டுகளுடன் மறுசுழற்சிக்கே அனுப்பிவிடுங்கள்.