டேப் இருக்கிறதாம், ஓட்டிப் பார்க்கத்தான் மெஷின் இல்லையாம்!

நூலகப்பூனை:
கணினித் துறை முன்னோடி கிரேஸ் ஹாப்பர் 1982-ல் அமெரிக்க உளவு அமைப்பான என்.எஸ்.ஏ.வில் பேசிய விரிவுரையின் வீடியோவைத் தகவல் சுதந்திரச் சட்டப்படி ஒருவர் கேட்டிருக்கிறார். ஆம்பெக்ஸ் நிறுவனத்தின் ஒரு இஞ்ச் அகல டேப், இரண்டு சுருள், இரண்டும் கையில் இருந்தும் ஓட்டிப் பார்க்கக் கருவி கிடைக்கவில்லை என்று முதலில் கைவிரித்துவிட்டார்கள். ஊர் உலகத்தையே ஒட்டுக் கேட்பதாகப் பெயரெடுத்த அமைப்பு இது! ஆவணம் இல்லை என்பதும் அதைப் பார்க்க முடியவில்லை என்பதும் சட்டத்தின் கண்ணில் ஒன்றுதானா?

வரிசைஎண்7:
ஒன்றில்லை. 1996-ல் வந்த திருத்தம், கேட்பவர் விரும்பும் வடிவத்தில் எளிதாகப் படியெடுக்க முடிந்தால் அப்படியே தரவேண்டும் என்கிறது. அந்த ‘எளிதாக’வுக்குள்தான் இவர்கள் புகுந்துகொள்கிறார்கள். அப்புறம் இன்னொரு முடிச்சும் உண்டு. வெளியே தருவதற்கு முன் ரகசியம் ஏதாவது இருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும், பார்க்க மெஷின் இல்லை, அதனால் டேப்பை அப்படியே தூக்கி உங்களிடமும் கொடுக்க மாட்டார்கள். மறுப்பு வந்தால் மேல்முறையீடு செய்யக் குறைந்தது 90 நாள் உண்டு. அதில் சட்டம் பேசி நேரத்தை வீணாக்காமல், ‘மெஷினுக்காக யார் யாரிடம் கேட்டீர்கள், தேசிய ஆவணக் காப்பகத்திடம் கேட்டீர்களா’ என்று மட்டும் கேளுங்கள்.

பழையசுருள்:
பழைய டேப்போடு மல்லுக்கட்டுகிறவன் என்ற முறையில் அலுவலகத்துக்காகவும் கொஞ்சம் பேசுகிறேன், திட்டாதீர்கள். அந்தக் காலத்து டேப் பலவற்றில் காந்தத் துகளைப் பிடித்து வைத்திருக்கும் பசை காற்றின் ஈரத்தைக் குடித்துக் குடித்து இளகிவிடும். அப்படியே ஓட்டினால் கீச்சென்று கத்தும், மெஷினில் டேப்பைப் படிக்கும் ஹெட்டில் பழுப்பாக அப்பிக்கொள்ளும், அப்பியது அத்தனையும் படம்தான், போனால் போனதுதான். அதனால் 50 டிகிரி சொச்சம் சூட்டில் பல மணி நேரம் வைத்து எடுப்போம், அதற்கப்புறம் கொஞ்ச நாள் ஓடும், அந்த இடைவெளிக்குள் நகலெடுத்துவிட வேண்டும். தெரியாதவர் கையில் கொடுப்பதைவிட ‘முடியாது’ என்பதே மேல் என்று எனக்கே சில நேரம் தோன்றும்.

ஆனால் மெஷினே கிடைக்காது என்பதை மட்டும் நம்ப மாட்டேன். 1966-67-ல் நாசாவின் லூனார் ஆர்பிட்டர் விண்கலங்கள் எடுத்த நிலவுப் படங்களின் டேப்புகளைப் படிக்க, ஒருவர் வீட்டில் பத்திரப்படுத்தி வைத்திருந்த ஆம்பெக்ஸ் எஃப்.ஆர்.-900 மெஷின்களைத் தூசு தட்டி ஓட வைத்தார்களே.

அரைக்கண்:
எல்லாம் சரி, ஹாப்பர் வீடியோ எப்படி வெளியே வந்தது? செய்தியாகி நாலு பேர் கிண்டலடித்த பிறகுதான் ஆவணக் காப்பகத்தின் உதவியோடு டிஜிட்டலாக்கி 2024 ஆகஸ்டில் வெளியிட்டார்கள். மெஷின் அதே அரசாங்கத்தின் இன்னொரு கட்டடத்தில் இருந்திருக்கிறது! புகழ்பெற்ற பெயர் என்பதால் நடந்தது. ஏதோ ஒரு வாரியத்தின் பழைய கூட்டப் பதிவை நீங்களோ நானோ கேட்டிருந்தால் இவ்வளவு சத்தம் வந்திருக்குமா?

நூலகப்பூனை:
வந்திருக்காது. வரிசைஎண்7, அந்த இரண்டு கேள்வியையும் எழுதி வைத்துக்கொண்டேன். வீடியோவை இப்போதுதான் பார்த்து முடித்தேன். ஒளி ஒரு நானோசெகண்டில் போகும் தூரம் இதுதான் என்று முப்பது சென்டிமீட்டர் கம்பித் துண்டு ஒன்றை எடுத்துக் காட்டுகிறார் பாருங்கள், அங்கேயே இரண்டு முறை ரிவைண்ட் செய்தேன்.