ராமேஸ்வரம் ரூட்டில் காரிலேயே தூங்கியவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

ஹேட்ச்பேக்வாசி:
சென்னையிலிருந்து தனியாக ஈசிஆர் பிடித்து ராமேஸ்வரம் போனேன். லாட்ஜ் வேண்டாம், பின் சீட்டை மடக்கி மெத்தை விரித்துக் காரிலேயே படுக்கலாம் என்று கிளம்பினால், வழியில் ஒரு ஊரில் தேர்த் திருவிழா, ரோடே அடைத்துக் கிடந்தது. தனுஷ்கோடிப் பக்கம் போவதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. செக்போஸ்டில், "உள்ள விடுற நேரம் முடிஞ்சுபோச்சு தம்பி, காலையில வாங்க" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். சரி என்று சவுக்குத் தோப்பு ஓரமாக நிறுத்திப் படுத்தேன். கண்ணாடியை ஏற்றினால் புழுக்கம், இறக்கினால் கொசு. நடுராத்திரி டார்ச் அடித்துக் கதவைத் தட்டினார்கள், ரோந்து போலீஸ், லைசென்ஸைப் பார்த்துவிட்டு இங்கே படுக்காதே என்றார்கள். விடிந்து பார்த்தால் கண்ணாடி உள்பக்கம் முழுக்க முத்து முத்தாகத் தண்ணீர், தலையணை வரை நசநசப்பு. டீ போடலாமென்றால் காற்றில் கேஸ் அடுப்பு நிற்கவே இல்லை. அடுத்த தடவை பேசாமல் ஏசியைப் போட்டுக்கொண்டே தூங்கிவிடலாமா? வண்டியை எங்கே நிறுத்துவது?

ஸ்பேனர் செல்வம்:
வேண்டவே வேண்டாம். ஏசி ஓட வேண்டுமென்றால் எஞ்சின் ஓட வேண்டும். ஓடுகிற வண்டியில் புகை பின்னாலேயே போய்விடும், நிற்கிற வண்டியில் அடியிலேயே சுற்றும். சைலன்சரில் சின்ன ஓட்டை இருந்தாலோ, பின்பக்கம் சுவரையோ மணல்மேட்டையோ ஒட்டி நின்றாலோ கார்பன் மோனாக்சைடு உள்ளே வரும். நிறமும் கிடையாது, வாடையும் கிடையாது, தூக்கத்தில் இருப்பவருக்குத் தெரியவே தெரியாது. மழை வந்தாலும் அடுப்பைக் காருக்குள் பற்ற வைக்காதீர்கள், அதுவும் இதே கதைதான். பவர்பேங்கில் ஓடும் சின்ன ஃபேன் போதும், கார் பேட்டரியிலிருந்து ராத்திரி முழுக்க எடுத்தால் காலையில் தள்ளித்தான் ஸ்டார்ட் பண்ண வேண்டியிருக்கும், தனியாகப் போனவருக்குத் தள்ள யார் வருவார்கள்?

பாம்பன் காத்து:
எங்க ஊர்ப் போலீஸைக் கோவிச்சுக்காதீங்க. தனுஷ்கோடி 1964 டிசம்பர் புயலில் அழிஞ்சு போன ஊர், இன்னைக்கும் அங்கே மீனவக் குடிசைகள்தான், ராத்திரி ஏதாவது என்றால் ஓடி வர ஆள் இல்லை. அதுக்கும் அந்தப் பக்கம் நிலம் முடிகிற அரிச்சல்முனை வரை தார் ரோடு வந்ததே 2017இல்தான். ரோட்டை விட்டு மணலில் இறக்கினால் சக்கரம் புதைந்துவிடும். ராமேஸ்வரம் டவுனுக்குள் கழிப்பறை இருக்கிற பார்க்கிங்கில் நிறுத்துங்கள். அக்னி தீர்த்தத்துக்குப் பக்கத்தில் மட்டும் வேண்டாம், விடியுமுன்பே நீராட வருகிற கூட்டம் உங்களை எழுப்பிவிடும். அடுப்புக்கு ஒரு வழி: வண்டியின் மூக்கைக் காற்றுக்கு நேரே நிறுத்திவிட்டு, டிக்கிக்குப் பின்னால் தரையில் வையுங்கள். அங்கே காற்று அவ்வளவாக அடிக்காது.

ரோட்டோரம்:
நான் எப்போதும் ராத்திரி முழுக்கத் திறந்திருக்கும் பெட்ரோல் பங்க்தான். முதலில் டேங்க்கை நிரப்புங்கள், அப்புறம் "அண்ணே, கொஞ்சம் கண்ணசந்துட்டுப் போறேன்" என்று கேளுங்கள், ஓரமாக ஒரு இடம் காட்டுவார்கள். எஞ்சினை ஓடவிட்டு நிற்கிற லாரிக்குப் பக்கத்தில் மட்டும் போடாதீர்கள், சத்தத்தைவிட அந்தப் புகைதான் பிரச்சினை.

மலர்_டிரைவ்ஸ்:
கண்ணாடியில் தண்ணீர் உங்கள் மூச்சிலிருந்து வருவது. ஒரே பக்கம் திறந்தால் சரிப்படாது, எதிரெதிரே இரண்டு கண்ணாடியை இரண்டு விரற்கடை இறக்குங்கள். கதவின் மேல்பாதியில் தலையணை உறை போல மாட்டும் வலையைப் போட்டுவிட்டால் கொசுத் தொல்லை இல்லை. தனியாகப் போகும் பெண்ணாக ஒன்று சொல்கிறேன்: டிரைவர் சீட்டில் பையோ செருப்போ எதுவும் வைக்காதீர்கள், சாவி கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும். யாராவது தட்டினால் இறங்காமலே கிளம்ப முடிய வேண்டும்.

ஹேட்ச்பேக்வாசி:
ஏசி யோசனையை விட்டுவிட்டேன் செல்வம் அண்ணே. அந்த வலை உறை கடையில் வாங்கியதா மலர்?

மலர்_டிரைவ்ஸ்:
இல்லைங்க, வீட்டில் கிடந்த பழைய கொசுவலை. தெருமுனை டெய்லரிடம் கதவு அளவைக் கொடுத்தேன், கீழே எலாஸ்டிக் வைத்துத் தைத்துக் கொடுத்தார். பின் கதவு சாய்வாக இருக்கும், அதற்குத் தனியாக அளவு எடுங்கள்.