சிறிய டிராக்டருக்கு முன் லோடர்: சேலம் பட்டறையில் செய்துகொள்ளலாமா?

நாகலூர்த் தோட்டம்:
ஏற்காட்டில் நாகலூர்ப் பக்கம் ஆறு ஏக்கர் காபி, சில்வர் ஓக் மரங்களில் மிளகு. கையில் இருப்பது 18 குதிரைத்திறன் பழைய சிறிய டிராக்டர். பின் சக்கர இயக்கம் மட்டும்தான், எடை ஏறக்குறைய 800 கிலோ. பல்ப்பரிலிருந்து (காபிப் பழத்தின் தோலை உரிக்கும் இயந்திரம்) விழும் பழத்தோலை உரக்குழிக்குத் தள்ள வேண்டும், மக்கிய உரத்தை டிரெய்லரில் ஏற்ற வேண்டும், மழைக்காலத்தில் பாதையில் சரியும் மண்ணை ஒதுக்க வேண்டும். டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரை பழம் பறிக்கவே ஆள் போதவில்லை. இதில் சட்டி சுமக்க யாரைக் கூப்பிடுவது?

செவ்வாய்ப்பேட்டையில் இரும்பு எடுத்து, சேலத்திலேயே ஒரு பட்டறையில் முன் லோடர், அதாவது டிராக்டரின் முன்னால் மாட்டும் தூக்கும் கைகளும் பக்கெட்டும், செய்துகொள்ளலாம் என்று இருக்கிறேன். கைகளுக்கு 100×50 மி.மீ. செவ்வகக் குழாய், 5 மி.மீ. கனம். தூக்க 50 மி.மீ. சிலிண்டர் இரண்டு, பக்கெட்டைக் கவிழ்க்க 40 மி.மீ. இரண்டு. பக்கெட் 1.2 மீட்டர் அகலம், 120 லிட்டர் கொள்ளளவு. செய்தவர்களும் செய்து கையைச் சுட்டுக்கொண்டவர்களும் சொல்லுங்கள்.

ஆத்தூர் திப்பி:
தாராளமாகச் செய்யுங்கள் அண்ணா. எங்கள் சேகோ (ஜவ்வரிசி) ஆலைக் களத்தில் திப்பி என்னும் மரவள்ளிச் சக்கையைத் தள்ளுவதும் அள்ளுவதும் பட்டறையில் செய்த லோடர்தான். கம்பெனி லோடர் விலையைக் கேட்டால் இன்னொரு டிராக்டரே வாங்கிவிடலாம் போலிருந்தது.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். சட்டகத்தை முன் பக்கம் மட்டும் போல்ட் போட்டு நிறுத்தாதீர்கள். இந்த அளவு டிராக்டர்களுக்குப் பெரும்பாலும் தனியாகச் சேசிஸ் (அடிச்சட்டம்) கிடையாது. எஞ்சின், கிளட்ச் கூடு, கியர் பெட்டி மூன்றும் ஒன்றோடொன்று போல்ட் போட்டு அந்த வேலையைச் செய்கின்றன. சுமை முழுவதும் மூக்கில் தொங்கினால் கிளட்ச் கூட்டில்தான் விரிசல் விழும். இரண்டு பக்கமும் நீளச் சட்டம் ஓடவிட்டு, பின் அச்சுக் கூடு வரை கொண்டுபோய்க் கட்டுங்கள்.

அடிவாரம் மெக்கானிக்:
வேண்டாம் என்பது என் கருத்து. ஆத்தூர் தம்பி சொல்வது தட்டையான களத்துக் கதை. நாகலூர் அப்படியா?

கணக்கைப் பாருங்கள். இரு அச்சுகளுக்கும் நடுவே 1.5 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். பக்கெட்டின் சுமை முன் அச்சுக்கு 1 மீட்டர் முன்னால் நிற்கும். அதில் 200 கிலோ ஏற்றினால் முன் அச்சில் கூடுவது 200 அல்ல, 333 கிலோ. பின் சக்கரங்களிலிருந்து 133 கிலோ கழன்றுவிடும். லோடரின் சொந்த எடை 150 கிலோவாவது இருக்கும், அதுவும் முன்னால்தான். வெறும் டிராக்டரில் முன்னால் 320, பின்னால் 480 இருந்தது, லோடரும் சுமையும் சேர்ந்தபின் முன்னால் 840, பின்னால் 310 என்று தலைகீழாகிவிடும். சிறிய முன் அச்சு, சின்ன டயர், ஸ்டீயரிங் பெட்டி எல்லாம் இரண்டரை மடங்குக்கு மேல் சுமக்க வேண்டும்.

அதைக்கூட விடுங்கள். டிராக்டருக்குப் பிரேக் எங்கே இருக்கிறது? பின் சக்கரத்தில் மட்டும். எந்தச் சக்கரத்தை நம்பி நிறுத்த வேண்டுமோ அதன் பிடியைத்தான் லோடர் பிடுங்குகிறது. இறக்கத்தில், ஈர மண்ணில், சருகின் மேல் பிரேக்கை மிதித்தால் பின் சக்கரம் பூட்டிக்கொள்ளும், வண்டி நிற்காது.

திருச்செங்கோடு ஹைட்ராலிக்:
போர்வெல் போடும் ரிக் வண்டி சிலிண்டர்களோடு பிழைப்பவன் என்பதால் இரண்டு வரி. 50 மி.மீ. சிலிண்டர் உங்களுக்குத் தேவையே இல்லை. பிஸ்டனின் பரப்பு 19.6 சதுர செ.மீ.; 150 பார் அழுத்தத்தில் ஒன்று 3 டன் தள்ளும், இரண்டும் சேர்ந்து 6 டன். சிலிண்டர் நகரும் தூரத்தைப் போல் ஐந்து மடங்கு பக்கெட் உயர்கிறது என்றால் அந்த விசை ஐந்தில் ஒன்றாகும், கோணத்தில் பாதியும் போகட்டும், அப்போதும் 600 கிலோ தூக்கும். மெக்கானிக் ஐயா 200 கிலோவுக்கே பயப்படுகிறார். 600-ஐத் தூக்கப் போனால் பக்கெட் எழாது, டிராக்டரின் பின் பக்கம்தான் எழும்.

தூக்குவதற்கும் 40 மி.மீ. போதும். எண்ணெய் அழுத்தத்துக்கு வரம்பு வைக்கும் ரிலீஃப் வால்வைக் குறைத்து வையுங்கள். வண்டி தாங்காத சுமையை எண்ணெயும் தூக்கக் கூடாது. கணக்கு அதுதான்.

இன்னொன்று, டிரெய்லர் டிப்பருக்காகச் சில டிராக்டர்களில் விட்டிருக்கும் ஒற்றை வழி எண்ணெய்த் துளையை நம்பாதீர்கள். கைகளை உயர்த்தி, சொந்த எடையில் இறக்க அது போதும். பக்கெட்டைக் கவிழ்த்துத் திருப்ப இரு வழி வால்வு வேண்டும். நிமிடத்துக்கு 12 லிட்டர் தரும் தனி கியர் பம்பை எஞ்சின் முன் கப்பியில் மாட்டினால் சுமார் 4 குதிரைத்திறன் தின்னும், பரவாயில்லை. ஹோஸில் கசிவு தேடும்போது விரலால் தடவாதீர்கள். ஊசித் துளையிலிருந்து வரும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போனால் அறுவைச் சிகிச்சைதான். ஓர் அட்டையை நீட்டிப் பாருங்கள்.

ஆத்தூர் திப்பி:
மெக்கானிக் ஐயா, கணக்கு சரி, முடிவு தவறு. பின்னால் எடை போட்டால் தீர்ந்தது. டிராக்டரின் பின்னால் கருவிகளை மாட்டித் தூக்கும் மூன்று முனை லிப்டில் 200 கிலோ கான்கிரீட் பெட்டி ஒன்றை மாட்டுங்கள். பின் அச்சுக்கு 70 செ.மீ. பின்னால் அது தொங்கினால் பின் சக்கரத்தில் ஏறக்குறைய 290 கிலோ கூடும், முன் அச்சில் 90 குறையும். பின் டயர்களில் முக்கால் பங்கு தண்ணீரும் நிரப்பலாம், ஊரெல்லாம் செய்வதுதான்.

சுமையோடு இறக்கத்தில் முன்பக்கமாக இறங்கவே கூடாது. பக்கெட் எப்போதும் மேட்டுப் பக்கம் இருக்கட்டும். ஏறும்போது முன்னால் பார்த்து ஏறு, இறங்கும்போது பின்னாலேயே இறங்கு. அப்போது பிரேக் சக்கரம் பள்ளத்துப் பக்கம் வரும், எடையும் அதன் மேல் விழும். பக்கெட்டைத் தரையிலிருந்து ஒரு முழத்துக்கு மேல் தூக்கிக்கொண்டு ஓட்டக் கூடாது.

அடிவாரம் மெக்கானிக்:
பின்னாலேயே இறங்கு என்று எழுதுவது எளிது. தோட்டப் பாதையில் ஒரு பக்கம் வரப்பு, ஒரு பக்கம் கிடுகிடு பள்ளம், கழுத்தைத் திருப்பிக்கொண்டு எத்தனை வளைவு எடுப்பார்?

பக்கவாட்டுச் சரிவைப் பற்றி இன்னும் யாரும் பேசவில்லை. டிராக்டரின் முன் அச்சு நடுவில் ஒரே ஓர் இரும்பு ஆணியில் (பின்) ஆடுகிறது. ஆகவே நான்கு சக்கரம் இருந்தாலும் வண்டி நிற்பது முக்காலி போலத்தான்: பின் சக்கரம் இரண்டு, முன்னால் அந்த ஆணி ஒன்று. வெறும் டிராக்டரின் எடை மையம் பின்னால், முக்கோணத்தின் அகன்ற பக்கம் இருக்கும். லோடரும் சுமையும் அதை முன்னே, குறுகிய முனைக்கு இழுக்கின்றன. பக்கெட்டை உயர்த்தினால் மேலேயும் போகிறது. ஆத்தூரில் ஒரு சக்கரம் குழியில் இறங்கினால் குலுங்கும். ஏற்காட்டுச் சரிவில் கவிழும். பழைய வண்டி என்கிறார், ஓட்டுநரைக் காக்கும் இரும்பு வளைவும் இருக்காது.

கான்கிரீட் பெட்டியால் பின் பக்கம் கனக்கும், சரி. முன் அச்சின் மேல் அப்போதும் 750 இருக்கிறதே, அதற்கு என்ன பதில்?

செவ்வாய்ப்பேட்டை வெல்டிங்:
சண்டையில் நான் இல்லை, பற்றவைப்பு மட்டும் சொல்கிறேன். எதைச் செய்தாலும் டிராக்டரின் வார்ப்பிரும்புக் கூட்டில் வெல்டிங் வைக்கக் கூடாது, புதிதாகத் துளை போடவும் கூடாது. கம்பெனி விட்ட துளைகளில் மட்டும் போல்ட். சுமை தாங்கும் இணைப்புகளுக்கு 7018 வகை வெல்டிங் ராடு, அதுவும் சூட்டில் உலர்த்தியது. இரண்டு கைகளையும் தடித்த குறுக்குக் குழாயால் இணைக்காவிட்டால், பக்கெட்டின் ஒரு மூலை கல்லில் இடித்தால் போதும், கைகள் முறுக்கிக்கொள்ளும். பக்கெட் உதட்டுக்குப் பழைய லாரி ஸ்பிரிங் பட்டை கேட்பார்கள். நல்ல இரும்புதான், ஆனால் சூடு காட்டாமல் பற்றவைத்தால் ஓரத்தில் வெடிக்கும். போல்ட் போட்டால் தேய்ந்தபின் மாற்றவும் வசதி.

காகிதமும் பாருங்கள். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்களிலிருந்து மாறும்படி வண்டியில் மாற்றம் செய்வதைத் தடுக்கிறது. பட்டறை லோடரோடு பொதுச் சாலையில் இறங்குவதற்குமுன் விசாரித்துக்கொள்வது நல்லது.

நாகலூர்த் தோட்டம்:
என் பாதையில் பின்னாலேயே இறங்குவது நடக்காது, அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உரம் ஏற்றுவதற்கு வழி சொல்லுங்கள் ஐயா. வேண்டாம் என்பதோடு நிறுத்தினால் எப்படி? வாடகை இயந்திரம் பற்றி யாரும் சொல்லத் தேவையில்லை. வேளாண்மைப் பொறியியல் துறையில் கிடைக்கிறது, தெரியும். நாளுக்கு அரை மணி நேர வேலைக்கு அது ஒத்துவராது.

அடிவாரம் மெக்கானிக்:
பின் பக்கெட் செய்யுங்கள். மூன்று முனை லிப்டில் மாட்டும் பெட்டி, கயிறு இழுத்தால் கொக்கி விடுபட்டுக் கவிழ்வது. பம்பு வேண்டாம், சிலிண்டர் வேண்டாம், ஹோஸ் வேண்டாம். சுமை பிரேக் சக்கரத்தின் மேல் விழுகிறது. மண் தள்ள அதே லிப்டில் ஒரு பிளேடு.

ஆத்தூர் திப்பி:
அந்த லிப்ட் முழங்கால் உயரத்துக்குச் சற்று மேலே போனால் பெரிது. டிரெய்லர் பக்கப் பலகையைத் தாண்டி உரத்தை எப்படிக் கொட்டுவது? லோடர் கேட்டவருக்குத் தள்ளுவண்டி காட்டுகிறீர்கள்.

அடிவாரம் மெக்கானிக்:
மலையில் இருப்பவருக்கு உயரம் தூக்க இயந்திரம் எதற்குத் தம்பி? படிக்கட்டு நிலம் அது. உரக்குழி மேல் தட்டில், டிரெய்லர் கீழ்த் தட்டில். ஒன்றரை மீட்டர் கல் சுவர் நடுவில். மேலே பின்னோக்கி வந்து கவிழ்த்தால் நேராக டிரெய்லருக்குள் விழும். சுவரின் விளிம்பில் பின் சக்கரம் முட்டி நிற்க, சில்வர் ஓக் கட்டை ஒன்றை இரும்பு முளை அடித்துப் போடுங்கள். அது இல்லாமல் விளிம்பை நெருங்கவே கூடாது. சுவருக்குப் பின்னால் தண்ணீர் வடியத் துளை இருக்கிறதா என்றும் பாருங்கள், ஊறிய சுவர் வண்டியைத் தாங்காது.

நாகலூர்த் தோட்டம்:
பல்ப்பர் கொட்டகைக்குக் கீழே அப்படி ஒரு தட்டு இருக்கிறது, வடிகால் துளைகளும் இருக்கின்றன. பின் பக்கெட்டிலேயே தொடங்குகிறேன். மக்கிய காபித் தோல் எடை குறைவு, 150 லிட்டர் பெட்டியே வைக்கலாம். ஈர மண்ணை மட்டும் பாதி அளவுக்குமேல் அள்ளமாட்டேன். வெல்டிங் அண்ணா, கொக்கிக்கும் கீல் ஆணிக்கும் என்ன அளவு?

செவ்வாய்ப்பேட்டை வெல்டிங்:
கீலுக்கு 25 மி.மீ. ஆணி, இ.என்.8 என்ற வலுவான எஃகு, இரண்டு பக்கமும் புஷ், கிரீஸ் நிப்பிள். கொக்கியை 12 மி.மீ. தகட்டில் வெட்டிக்கொள்ளுங்கள். கீலைப் பெட்டியின் நடுவிலிருந்து சற்று முன்னால், டிராக்டர் பக்கமாக வையுங்கள். சுமை இருக்கும்போது கொக்கியை விட்டால் தானாகக் கவிழும், காலியானதும் திரும்பி நிற்கும்படி முன் பக்கம் கொஞ்சம் எடை சேர்த்தால் போதும்.

ஆத்தூர் திப்பி:
நல்லது அண்ணா. ஐப்பசி மழையில் பாதை சரிந்து, பின்னால் திரும்பித் திரும்பி மண் தள்ளிக் கழுத்து பிடித்துக்கொண்டால் எழுதுங்கள். என் லோடர் சட்டகத்தின் அளவுகள் எல்லாம் நோட்டில் இருக்கின்றன. ஆனால் நான்கு சக்கர இயக்கம் உள்ள வண்டி வாங்கியபின் கேளுங்கள்.