புதுப்பிப்பு: மாத்தேரானில் நெடுநாள் தங்கி நடப்பவர்களுக்கு

மும்பையின் மாட்டுங்கா, செம்பூர் பக்கமிருந்து போய், அருகிலுள்ள மலைவாசஸ்தலமான மாத்தேரானில் வாரக்கணக்கில் தங்குவது பற்றிய என் முந்தைய இழையில், பாதைகளை எப்படிப் பழகுவது என்று பலர் கேட்டிருந்தீர்கள்.

கர்ஜத் லோக்கல் ரயிலில் போய் நேரல் ஸ்டேஷனில் இறங்கி, ஷேர் டாக்சியில் தஸ்தூரி நாக்கா. அதற்கு மேல் சொந்த கார், பைக் விடமாட்டார்கள். மலை ரயில் தண்டவாளத்தை ஒட்டியே நடந்தால் கடைவீதி சுமார் இரண்டரை கிலோமீட்டர். சக்கரப் பெட்டி வேண்டவே வேண்டாம். கல்லிலும் செம்மண்ணிலும் சக்கரம் போய்விடும்.

முதல் நாளே பனோரமா பாயின்ட் என்ற காட்சிமுனைக்குக் கிளம்பாதீர்கள். அது வடகோடி, போய்வரவே அரை நாள். சார்லட் ஏரியில் தொடங்குங்கள். எக்கோ, லூயிசா பாயின்ட் இரண்டும் பக்கத்திலேயே. ஏரிதான் ஊருக்குக் குடிநீர், தயவுசெய்து கால் நனைக்காதீர்கள்.

காட்டுக்குள் கிளைப்பாதைகள் எல்லாம் ஒரே செம்மண் நிறம். ஒவ்வொரு பிரிவிலும் திரும்பிப் பார்த்து ஒரு போட்டோ எடுங்கள். வரும்போது இடம் வேறு மாதிரி தெரியும், குழப்பமே அங்கேதான். சூரியன் மறைவதைப் பார்க்கப் போர்குபைன் பாயின்ட் போனால் டார்ச் கட்டாயம், மரநிழலில் சட்டென இருட்டிவிடும்.

சரிவில் காய்ந்த சரளை வழுக்கும். அடிப்பாகம் தேய்ந்த ஷூ ஆகாது. தின்பண்டத்தைக் கையில் தொங்கவிடாமல் பைக்குள் வையுங்கள், குரங்கு பிடுங்கிவிடும்.