ஊசி நூல் குழு: ஒரே சிவப்பு, ரெண்டு நிறமா தெரியுது

நித்யா: 📷
பெருக்கல் தையல்ல (ரெண்டு சாய்வு இழையை X மாதிரி ஒண்ணு மேல ஒண்ணு போடுறது) நட்சத்திர பார்டர் போட்டுட்டு இருக்கேன். ஒரே சிவப்பு, ஒரே கட்டு நூல். ஆனா பார்டர்ல மேலயும் கீழயும் பளிச்சுனு இருக்கு, ரெண்டு பக்கவாட்டும் மங்கலா தெரியுது. எதனால?

ஜெயந்தி அத்தை: பக்கவாட்டுக்கு வந்தப்போ துணியைத் திருப்பிப் பிடிச்சியா?

நித்யா: ஆமா அத்தை, கைக்கு வாட்டமா இருக்கும்னு.

ஜெயந்தி அத்தை: அதான் விஷயம். படத்தைப் பெருசாக்கிப் பாரு. மேல் வரிசைல மேலாப்ல கிடக்கிற இழை இடப்பக்கம் சாயுது, பக்கவாட்டுல வலப்பக்கம் சாயுது. துணியைக் கால் சுத்து திருப்பினா சாய்வு மாறிடும். அரைச் சுத்து திருப்பினா மாறாது.

விஜயா பெரியம்மா: நூல் எந்தத் திசைல படுத்திருக்கோ அதைப் பொறுத்துதான் வெளிச்சம் திரும்பி வரும். அதனால ஒரே நிறம் ரெண்டா தெரியும். துணியைத் திருப்பித்தான் ஆகணும்னா, அந்தப் பக்கம் முழுக்க அடி இழையையும் மேல் இழையையும் இடம் மாத்திப் போடணும். துணி ஓரத்துல ஒரு பெரிய பெருக்கல் குறி போட்டு வச்சுக்கோ, மேல் இழை எதுன்னு அதைப் பார்த்தே தெரிஞ்சுக்கலாம்.

நித்யா: இப்போ பிரிக்கணுமா 😩

விஜயா பெரியம்மா: மூலை நட்சத்திரம் நாலும் ஒரே சாய்வா இருந்து, எதிரெதிர் பக்கம் ஜோடியா இருந்தா விட்டுடு, வேணும்னே செஞ்ச மாதிரி இருக்கும். ஒரு நட்சத்திரத்துக்குள்ளயே சாய்வு மாறியிருந்தா அதை மட்டும் பிரி. பிரிச்ச நூலைத் திரும்பக் கோக்காதே, பஞ்சு கிளம்பியிருக்கும்.

சுமதி அண்ணி: அந்த நட்சத்திரத்துக்குக் கட்டக் கணக்கு அனுப்பு நித்யா. எட்டு முனை தானே?

நித்யா: ஆமா அண்ணி, 13க்கு 13. மேல் பாதி இது:

⬜⬜⬜🟥⬜⬜⬜⬜⬜🟥⬜⬜⬜
⬜⬜⬜🟥🟥⬜⬜⬜🟥🟥⬜⬜⬜
⬜⬜⬜🟥🟥🟥⬜🟥🟥🟥⬜⬜⬜
🟥🟥🟥⬜🟥🟥⬜🟥🟥⬜🟥🟥🟥
⬜🟥🟥🟥⬜🟥⬜🟥⬜🟥🟥🟥⬜
⬜⬜🟥🟥🟥⬜⬜⬜🟥🟥🟥⬜⬜

7வது வரிசை முழுக்கக் காலி. அப்புறம் இதையே தலைகீழா. மொத்தம் 72 தையல்.

ஜெயந்தி அத்தை: வரிசை வரிசையாப் போடாதீங்க, நூல் பின்னால தாவித் தாவிப் போகும். ஒவ்வொரு இதழா முடிக்கணும். ஒரு இதழ் 3 தையல் அகலத்துல 3 படி, 9 தையல். அடுத்த இதழுக்குப் போறப்போ பின்பக்கம் போட்ட தையலுக்கு அடியில நூலை நுழைச்சுக் கொண்டு போங்க. காலிக் கட்டத்துக்குப் பின்னால சிவப்பு நூல் ஓடினா வெள்ளைத் துணில கோடு மாதிரி முன்னால தெரியும்.

சுமதி அண்ணி: பாலஸ்தீனத் தையல்ல 'பெத்லகேம் நிலா'னு சொல்றது இதானே?

ஜெயந்தி அத்தை: அதே குடும்பம்தான். நார்வேல இதையே கம்பளிப் பின்னல்ல செல்பு ரோஜானு போடுவாங்க. யாரைப் பார்த்து யார் போட்டாங்கன்னு கிளற வேண்டியதில்லை. கட்டத் துணில நேர்கோடும் 45 டிகிரி சாய்வும்தான் சுத்தமா வரும். அது ரெண்டையும் வச்சுப் பூ போடப் பார்த்தா எங்க போட்டாலும் எட்டு முனைலதான் வந்து நிக்கும்.

விஜயா பெரியம்மா: அதனாலதான் வளைஞ்ச ரோஜாவைப் பார்த்தா பழைய மாதிரியான்னு எனக்கு ஒரு சந்தேகம் வரும். உக்ரைன் சிவப்பு-கறுப்பு ரோஜா 19ஆம் நூற்றாண்டுக் கடைசில ப்ரோக்கார் கம்பெனி சோப்போட கொடுத்த அச்சுப் படத்துலேர்ந்து பரவினது. பாலஸ்தீனத்துலயும் 1930கள்ல டிஎம்சிங்கிற பிரெஞ்சுக் கம்பெனி நூலோட வந்த ஐரோப்பியப் புத்தகங்கள்லேர்ந்துதான் ரோஜாவும் பறவையும் நிறைய நுழைஞ்சது. அதுக்கு முன்னால சைப்ரஸ் மரம், நிலா, 'பாஷாவின் கூடாரம்'னு எல்லாமே கோணம்தான்.

சுமதி அண்ணி: சோப்புக்கு இலவசமா 😄

சரி, என் கேள்வி. சாதாக் காட்டன்ல ரெண்டிழைக்கு ரெண்டிழை எண்ணி இதே நட்சத்திரம் போட்டேன். முட்டை மாதிரி நீளமா நிக்குது. எண்ணிக்கை சரியாத்தான் இருக்கு.

விஜயா பெரியம்மா: எண்ணிக்கை சரி, துணிதான் சரியில்லை. 5 செ.மீ.க்கு பாவு (நீளவாட்டு இழை) எத்தனை, ஊடை (குறுக்கு இழை) எத்தனைன்னு எண்ணிச் சொல்லு.

சுமதி அண்ணி: பாவு 60, ஊடை 50.

விஜயா பெரியம்மா: 13 தையலுக்கு 26 இழை. அகலம் 26-ஐ 60ஆல வகுத்து 5ஆல பெருக்கினா 2.2 செ.மீ. உயரம் அதே 26-ஐ 50ஆல வகுத்தா 2.6. நாலு மில்லி வித்தியாசம் கண்ணுக்கு நல்லாவே தெரியும். வேற துணி எடு, ரெண்டு பக்கமும் எண்ணிக்கை ஒண்ணா இருக்கணும். அப்படி நெய்ததுக்குப் பேர் ஈவன்வீவ். 28 கவுண்ட், அதாவது அங்குலத்துக்கு 28 இழை இருக்கிற ஈவன்வீவ்ல ரெண்டிழை மேல போட்டா, அங்குலத்துக்கு 14 கட்டம் இருக்கிற 14 கவுண்ட் ஐடா (கட்டம் கட்டமா நெய்த தையல் துணி) அளவே வரும். இந்தத் துணிலதான் வேணும்னா மேல வேஸ்ட் கேன்வாஸ் (தையல் முடிஞ்சதும் இழை இழையா உருவி எடுக்கிற கட்டத் துணி) வச்சு நூலோட்டிட்டுப் போடு. அதுக்கு மட்டும் கூர் ஊசி.

ஜெயந்தி அத்தை: கேன்வாஸ் இழையை ஊசி குத்திடக் கூடாது அண்ணி, ஓட்டைக்குள்ளதான் போகணும். குத்திட்டா கடைசில உருவ வராது, தையலையும் சேர்த்து இழுக்கும். முடிச்சதும் லேசா நனைச்சு, பசை இளகினப்புறம் ப்ளக்கரால ஒவ்வொரு இழையா உருவணும்.

நித்யா: ஒரு கட்டு நூல் போதுமா பெரியம்மா? பக்கத்துக்கு 9 நட்சத்திரம்.

விஜயா பெரியம்மா: நடுவுல இடைவெளி 3 கட்டம்தானே? அப்போ ஒரு நட்சத்திரத்துக்கு 16. ஒன்பதுக்கு 144, கடைசி இடைவெளி 3 கழிச்சா 141 கட்டம். 14 கவுண்ட்ல 10 அங்குலத்துக்கு 140 கட்டம், ஒண்ணே ஒண்ணு கூட. மூலை ரெண்டு பக்கத்துக்கும் பொது, அதனால மொத்தம் 36 இல்லை, 32.

32-ஐ 72ஆல பெருக்கினா 2304 தையல். இந்த அளவுல ஒரு தையல் சுமார் 1 செ.மீ. நூல் தின்னும், 23 மீட்டர் ஆச்சு. கட்டு 8 மீட்டர், ஆறு இழை. ரெண்டு ரெண்டாப் பிரிச்சா 24 மீட்டர். ஆரம்பமும் முடிவும் வெட்டி எறியுறதுலயே அந்த ஒரு மீட்டர் போயிடும். கடைசி மூலைல வந்து நூல் தீரும் பாரு 🙃 ரெண்டு கட்டு வாங்கு, லாட் நம்பர் (ஒரே தடவைல சாயம் போட்ட நூலுக்கான எண்) ஒண்ணா இருக்கட்டும்.

சுமதி அண்ணி: ஆரம்பம் மூலையிலயா நடுவுலயா?

ஜெயந்தி அத்தை: நடுவுல. துணியை நாலா மடிச்சு, ஒவ்வொரு பக்கத்துக்கும் நடுவைக் குறிச்சுக்கணும். 9 நட்சத்திரம்னா நடு, 5வது நட்சத்திரத்தோட காலி வரிசைல விழும். 8னா இடைவெளியோட நடுக் கட்டத்துல விழும். மூலைலேர்ந்து சுத்திக்கிட்டே வந்தா எங்கயோ ஒரு கட்டம் தவறினது கடைசி மூலைலதான் தெரியும். 10 கட்டத்துக்கு ஒரு தடவை நூலோட்டி வச்சுட்டா தப்பு அங்கயே மாட்டிக்கும். நூல் நிறம் வெளிர் மஞ்சள், கறுப்பு வேண்டாம், இழுக்கும்போது துகள் ஒட்டும்.

நித்யா: ஆரம்பத்துல முடிச்சு போடலாமா?

விஜயா பெரியம்மா: வேண்டாம். இஸ்திரி போட்டா முன்னால புடைச்சு நிக்கும். 90 செ.மீ. ஒற்றை இழையை ரெண்டா மடிச்சு, முனை ரெண்டையும் ஊசில கோத்து, முதல் அரைத் தையல் போட்டுப் பின்னால வர்ற கண்ணிக்குள்ள ஊசியை விடு. கர்நாடகாவோட கசூதித் தையல் போடுறவங்களும் முடிச்சே போட மாட்டாங்க. அதுலயும் பெருக்கல் தையல் உண்டு, மெந்தினு பேர், வெந்தய விதை மாதிரி இருக்கிறதால.

சுமதி அண்ணி: சிவப்பு சாயம் போகுமே, வினிகர்ல ஊற வைக்கலாமா?

ஜெயந்தி அத்தை: பருத்திச் சாயத்தை வினிகர் பிடிச்சு நிறுத்தாது அண்ணி. உப்பும் அப்படித்தான். ஓடுற பச்சைத் தண்ணில, கசக்காம, தண்ணி தெளியுற வரைக்கும் அலசுங்க. கறை இருக்கும்போது காய விடாதீங்க, இஸ்திரிப் பெட்டியையும் காட்டாதீங்க, சூடு பட்டா அங்கயே தங்கிடும். தெளிஞ்சதும் டர்க்கி டவல் மேல குப்புறப் போட்டுப் பின்பக்கம் இஸ்திரி.

நித்யா: பிரிக்க உட்கார்ந்துட்டேன். நாலு நட்சத்திரம்தான், மத்ததெல்லாம் ஜோடியா இருக்கு.

விஜயா பெரியம்மா: பின்பக்கம் வெட்டு, முன்பக்கம் கத்திரி வைக்காதே.