வெளிப்பொருத்து எஞ்சின் கையேடு: ‘பவர் லாஸ்’ தமிழில் என்ன?

குழுவினருக்கு வணக்கம்.

காசிமேட்டில் பைபர் படகுக்காரர்களுக்கான பழுதுபார்ப்புப் பயிற்சிக்கு ஒரு கையேட்டை மொழிபெயர்க்கிறேன். படகின் பின்புறம் வெளியே மாட்டும் பழைய இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சின் பற்றியது. வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போயாக வேண்டும். ஓர் அத்தியாயத்தின் தலைப்பு ‘பவர் லாஸ்’. ‘திறன் இழப்பு’ என்று போட்டேன். மெய்ப்பு பார்த்தவர், “இது டிரான்ஸ்பார்மர் சமாசாரம் ஆச்சே” என்று சுழித்துவிட்டார். வேறு சொல் உண்டா?

---

ஐயா, அவர் சுழித்தது சரியே. மின்னியலில் திறன் இழப்பு என்றால் உள்ளே போனதில் வெப்பமாக வீணாவது. இங்கே எஞ்சினே சோர்கிறது. ‘விசைத்தொய்வு’ என்க. தொய்தல், தளர்தல். கயிறு தொய்ந்தது என்கிறோமே, அதே வேர். அயற்சொல் எதற்கு?

---

தொய்வுக்கு ஒரு சிக்கல். புறநானூற்றில் கோப்பெருஞ்சோழன் ‘தொய்யா உலகம்’ என்கிறான். உரைகாரர் அதற்கு வினை செய்யப்படாத மேலுலகம் என்று பொருள் சொல்கிறார். அப்படிப் பார்த்தால் தொய்தல் என்பது வேலை செய்தல்! ‘விசைத்தொய்வு’ என்றால் எஞ்சின் நன்றாக ஓடுகிறது என்றல்லவா ஆகும்? அதோடு காசிமேட்டில் விசை என்றாலே விசைப்படகுதான், அதாவது உள்ளேயே எஞ்சின் வைத்த பெரிய படகு. பைபர் படகுக்காரர் அந்தப் பக்கத்தைப் புரட்டக்கூட மாட்டார்.

---

எங்கள் இலங்கைப் பாடநூல்களில் பவர் என்பது ‘வலு’. ‘வலுவிழப்பு’ போதாதா?

---

நல்ல சொல்தான். ஆனால் சென்னையில் வலுவிழப்பது புயல் மட்டும். “வலுவிழந்தது” என்று செய்தியில் கேட்டால் கடலுக்குப் போகிறவருக்குச் சந்தோஷம். தலைப்பு நல்ல சேதி மாதிரி இருக்கும்.

---

நான் வளர்ந்தது ராயபுரம். அப்பா எஞ்சின் வேலை பார்த்தவர். அங்கே யாரும் திறன், வலு என்றெல்லாம் சொல்லிக் கேட்டதில்லை. “இழுவை இல்ல”, “பிக்கப் இல்ல” என்பார்கள், அவ்வளவுதான்.

சொல்லைவிட ஒன்று முக்கியம். உங்கள் தலைப்புக்குள் இரண்டு கோளாறு ஒளிந்திருக்கிறது. திராட்டிலைத் திருகியும் எஞ்சின் சுற்று ஏறாமல் அழுந்தினால் எண்ணெய் (எரிபொருளைச் சொல்கிறேன்), காற்று, பிளக் பக்கம் பார்க்க வேண்டும். சுற்று ஏறி எஞ்சின் அலறியும் படகு நகரவில்லையென்றால் எஞ்சின்மேல் குற்றமே இல்லை. புரொப்பல்லர் நடுவிலுள்ள ரப்பர் புஷ் வழுக்கலாம்.

முதல் வகைக்கு அப்பா செய்தது இது. டேங்கிலிருந்து வரும் குழாயின் நடுவே ரப்பர் குமிழ் இருக்குமே, ஓட்டத்திலேயே அதை அமுக்குவார். அமுக்க அமுக்க வேகம் வந்தால் எஞ்சினுக்கு எண்ணெய் பத்தவில்லை. பம்ப்பையும் குழாயையும் பார்க்கணும். குமிழ் சப்பையாக ஒட்டிக்கிடந்தால் அடைப்பு டேங்க் பக்கம். பல நேரம் டேங்குக்குள் காற்று போக மூடியில் இருக்கும் காற்றுத் திருகைத் திறந்திருக்கவே மாட்டார்கள். மண்ணெண்ணெயில் ஓடும் எஞ்சின் என்றால் பிளக்கில் கரி பிடித்து ஒரு சிலிண்டர் செத்துக் கிடக்கும், அதையும் சேருங்கள்.

அதனால் முதலாவது ‘இழுவைக் குறைவு’, இரண்டாவது ‘வழுக்கல்’. ஒரே தலைப்பில் போட்டால் ஆள் சும்மா கார்புரேட்டரைக் கழற்றிக்கொண்டிருப்பார்.

---

துறைமுகத்தில் இழுவைக் கப்பல் உண்டே, குழப்பாதா? மேலும் இழுவை என்பது பார்வை, கோவை போல ‘வை’ விகுதி பெற்றது. இழுக்கும் செயலா, இழுக்கப்படும் பொருளா என்பது...

---

நண்பரே, இதைப் படிக்கப்போகிறவர் நடுக்கடலில் நிற்கிறார்.

---

அனைவருக்கும் நன்றி. அத்தியாயத்தை இரண்டாகப் பிரித்துவிட்டேன். ‘இழுவைக் குறைவு’ என்பதற்கு நான்கு பேர் சரி என்றீர்கள், மற்றவர்கள் பேசவில்லை. அடைப்புக்குள் ‘பிக்கப் இல்லாமை’யும் வரும். காற்றுத் திருகை முதல் படியாக வைத்திருக்கிறேன்.

---

‘பிக்கப் இல்லாமை’க்கு என் எதிர்ப்பைப் பதிகிறேன். சொல்லடைவிலாவது ‘விசைத்தொய்வு’ இடம்பெறட்டும். ‘தொய்யா உலகம்’ பற்றிச் சொன்னவருக்குத் தனி இழையில் பதில் எழுதுகிறேன். தொய்தலுக்கு உழுதல் என்றும் பொருள் உண்டு; உழுதலும் தளர்தலும் ஒரே வேரா என்பதையே முதலில் பார்க்க வேண்டியிருக்கிறது.